கொத்தனாரின் தண்ணீர்க் குழாயும் காரின் மூச்சும்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் கொல்லைப்புறத்தை ஒட்டி, ஐயா காலத்தில் கட்டிய மோட்டார் கொட்டகை ஒன்று இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த அந்தக் கொட்டகையில், மூன்று ஆண்டுகளாக என்னுடைய நிஸான் 370இசட் நிற்கிறது. பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திய காரைத்தான் வாங்கினேன். இந்தக் காருக்குக் காற்று உள்ளே போகும் வழியை மாற்றியமைத்து, பிறகு பெரும்பாலானவற்றைப் பழைய நிலைக்கே திருப்பிய ஓராண்டு அனுபவத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். நம் பக்கத்து வெயிலிலும் செம்மண்ணிலும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அல்லது வாங்க நினைப்பவர்கள், பணம் செலவழிக்கும் முன் இதை ஒருமுறை படித்தால் நல்லது.

முதலில் அந்த என்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். 3.7 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் வி6, காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 7000 சுற்றில் 328 குதிரைத்திறன் தருவதாக உற்பத்தியாளரின் கணக்கு, 7500 சுற்று வரை சுழலும். இதன் தனிச்சிறப்பு, இடப்பக்கத்து மூன்று சிலிண்டர்களுக்கும் வலப்பக்கத்து மூன்று சிலிண்டர்களுக்கும் தனித்தனியே காற்று வழி அமைந்திருப்பதுதான். ஏர் ஃபில்டர் பெட்டி இரண்டு, காற்றை அளக்கும் சென்சார் இரண்டு, உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவான திராட்டில் இரண்டு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உள்ளே இழுக்கிறது என்பதால், 7000 சுற்றில் சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 13,000 லிட்டர் காற்றை இது குடிக்கும். எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் பத்தடிக்குப் பத்தடி அகலமும் பதின்மூன்று அடி உயரமும் உள்ள ஓர் அறை இருக்கிறது. அந்த அறையில் உள்ள காற்று முழுவதும் இந்த என்ஜினுக்கு மூன்று நிமிடம் கூடப் போதாது. இவ்வளவு காற்று இரண்டு குழாய்களின் வழியாகப் போக வேண்டும் என்றால், அந்தக் குழாய்களை அகலப்படுத்தினால் சக்தி கூடும் என்று நினைப்பது இயல்பானதே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்னையில் ஒரு பட்டறையில், ஃபில்டர் பெட்டிகள் இரண்டையும் கழற்றிவிட்டு, அவை இருந்த இடத்திலேயே எண்ணெய் தடவிய பருத்தித் துணியாலான, கூம்பு வடிவக் கோன் ஃபில்டர்கள் இரண்டைப் பொருத்தினார்கள். குழாய்களும் அலுமினியத்தில் புதியவை. மார்கழி மாதம் அது. விடியற்காலையில் திருமயம் சாலையில் ஓட்டியபோது கேட்ட ஒலியை நான் இன்றும் மறக்கவில்லை. 5000 சுற்றுக்கு மேல் என்ஜின் காற்றை உறிஞ்சும் ஓசை, தூரத்தில் நாகஸ்வரத்துக்குச் சீவாளி பிடித்துப் பார்ப்பதைப் போல, முதலில் மெல்லியதாக எழுந்து பிறகு காரின் உட்புறம் முழுவதையும் நிறைத்தது. கார் வேகமாக ஓடுகிறது என்று உறுதியாக நம்பினேன். ஒலி கூடும்போது வேகம் கூடியதாக உணர்வது மனிதர்களின் இயல்பு என்பதும், தொழிற்சாலையிலிருந்தே காரோடு வந்த ஃபில்டர் பெட்டியில் இருக்கும் ஒலியடக்கும் அறைகள் இல்லாமற்போனதால்தான் அந்த ஓசை வெளியே வந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

பங்குனி முடிவதற்குள் இரண்டு சங்கதிகள் நடந்தன. காரைக்குடி செக்காலை ரோட்டு நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு வெளியே வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால், கார் சோம்பலாக நகர்ந்தது. சில நாள்களில் என்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கியது. கருவியை மாட்டிப் பார்த்தபோது பி0171, பி0174 என்ற இரண்டு குறியீடுகள் வந்தன. இரண்டு பக்கத்துச் சிலிண்டர்களிலும் காற்றின் அளவுக்குப் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்பது அவற்றின் பொருள்.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, காற்றை அளக்கும் சென்சாரின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழாய்க்குள் சூடேற்றப்பட்ட மிக மெல்லிய உணர்பகுதி ஒன்று இருக்கிறது. கடந்து செல்லும் காற்று அதைக் குளிரவைக்கும். அதே சூட்டில் அதை வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு, எவ்வளவு எடையுள்ள காற்று போகிறது என்று ஈசியூ எனப்படும் என்ஜினின் கணினி கணக்கிட்டு, அதற்கேற்பப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எனக்குப் பொருத்திய ஃபில்டர்களில் எண்ணெய் தேவைக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தது. அந்த எண்ணெய் காற்றோடு போய் உணர்பகுதியில் படிய, தூசியும் அதன்மேல் ஒட்டிக்கொள்ள, சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டியது, பெட்ரோலும் குறைந்தது. போதாக்குறைக்கு, புதிய குழாயின் உள்விட்டம் பழையதைவிடச் சற்றுப் பெரியது. அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். சென்சாரோ பழைய விட்டத்துக்கே கணக்கு வைத்திருக்கும். ஈசியூவின் கணக்கைத் திருத்தாமல் குழாயின் விட்டத்தை மாற்றுவது, படியை மாற்றிவிட்டுப் பழைய படிக்கணக்கிலேயே நெல் அளப்பதற்குச் சமம். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் சென்சார்களைச் சுத்தம் செய்ததும் விளக்கு அணைந்தது. ஆனால் இனி அளந்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

அளப்பதற்குக் கருவி வீட்டிலேயே இருந்தது. அப்போது வீட்டின் நடுமுற்றமான வளவின் தாழ்வாரத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தளத்தின் மட்டம் பார்க்கக் கொத்தனார் கொண்டுவந்திருந்த, கண்ணாடி போன்ற நீண்ட தண்ணீர்க் குழாயில் மூன்று மீட்டரை அவரிடமே கேட்டு வாங்கினேன். அதை 'ப' வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிவதற்காக இரண்டு துளி சொட்டு நீலம் கலந்தேன். ஒரு முனை காரின் உள்ளே திறந்திருக்கும்; மற்றொரு முனை, ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் இடையே, வால்வு மூடியிலிருந்து வரும் மூச்சுக்குழாய் சேரும் இடத்தில் ஒரு டி இணைப்பின் வழியாகப் போகும். என்ஜின் காற்றை இழுக்கும்போது அந்தப் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறும். இரண்டு பக்கத்து நீர்மட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான், ஃபில்டரும் குழாயும் காற்றைத் தடுப்பதற்கு என்ஜின் கொடுக்கும் விலை. நான் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கொத்தனார் அருகில் வந்து பார்த்து, “உள்ளே காத்துக்குமிழி நின்னா மட்டம் தப்பாக் காட்டும் தம்பி, முதல்ல அதைத் தட்டி எடுங்க” என்றார். குழாயின் அடியில் மூன்று குமிழிகள் நின்றிருந்தன. அவரே விரலால் சுண்டிச் சுண்டி அவற்றை மேலே ஏற்றிவிட்டார். இதைச் செய்து பார்க்க விரும்புவோர், குழாயின் இரு பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரே என்ஜினுக்குள் போய்விடக் கூடும்.

சித்தப்பா மகன் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்தான். இரண்டாம் கியரில் 7000 சுற்றைத் தொடும்போது காரின் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் என்பதால், ஆளில்லாத அதிகாலைச் சாலையில் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடிந்தது. மூன்று முறை ஓட்டிப் பார்த்ததில், கோன் ஃபில்டரில் 11 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தது. பழைய பெட்டியைத் திரும்பப் பொருத்தி, அதில் கிடந்த அழுக்கேறிய காகித ஃபில்டரோடு ஓட்டியபோது 28 சென்டிமீட்டர் வந்தது. புதிய காகித ஃபில்டரை வைத்தபோது அது 21 ஆகக் குறைந்தது.

இந்த எண்களின் பொருளை யோசித்த அன்றுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயர நீருக்குச் சமம். ஆகவே ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. புதிய காகித ஃபில்டர் போட்ட தொழிற்சாலைப் பெட்டி, உச்ச வேகச் சுழற்சியிலும், காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் தடுக்கிறது. அந்தத் தடையை முற்றாக நீக்கினாலும், அதாவது ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும், கிடைக்கக்கூடியது ஆறேழு குதிரைத்திறன். என் கோன் ஃபில்டர் மீட்டுக் கொடுத்தது பத்து சென்டிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு, ஏறத்தாழ மூன்று குதிரைத்திறன். அழுக்கு ஃபில்டரை மாற்றிப் புதியது போட்டதால் மட்டுமே ஏழு சென்டிமீட்டர் கிடைத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழாயின் நீளமும் வடிவமும் காற்றலைகளின் வழியே சக்தியைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது உண்மைதான். இருந்தாலும் விளம்பரங்கள் சொல்லும் பெரிய எண்கள், தடையைக் குறைப்பதால் மட்டும் வந்துவிட முடியாது. டர்போ உள்ள கார்களின் கணக்கு வேறு. அங்கே டர்போவின் கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கும் தடை, அது காற்றை அழுத்தும் அளவுக்கேற்பப் பெருகும் என்பதால், ஈசியூவையும் சேர்த்து மாற்றுவோருக்குப் பலன் கூடுதலாகக் கிடைக்கும்.

தடையைவிடப் பெரிய சங்கதி சூடு. காற்றின் சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்கு குறைகிறது. இதையும் அளந்தேன். காற்று வழி இரண்டாக இருப்பது இதற்கு மிகவும் வசதியாகப் போயிற்று. இடப்பக்கம் தொழிற்சாலைப் பெட்டி, வலப்பக்கம் கோன் ஃபில்டர் என்று பொருத்தி, இரண்டு குழாய்களிலும் ஒவ்வொரு வெப்பக் கம்பியைச் செருகி, இரண்டு சூட்டையும் ஒரே நேரத்தில் காட்டும் மீட்டரோடு, என்ஜினை அழுத்தாமல் மெதுவாக ஓட்டினேன். சித்திரை மாதம், பிற்பகல் இரண்டு மணி, வெளியே 38 டிகிரி. காரைக்குடி நெரிசலில் பதினைந்து நிமிடம் கழித்து இடப்பக்கம் 49, வலப்பக்கம் 66. ஊரைத் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் சிறிது தூரம் போன பிறகு 41, 44. சாலையில் ஓடும்போது வேறுபாடு சிறியதுதான். கோன் ஃபில்டரால் கிடைத்த ஒரு பங்கை அந்தச் சிறிய வேறுபாடே தின்றுவிடுகிறது. ஊர்ந்து நிற்கும்போதோ நூற்றுக்கு ஐந்து பங்கு காற்று போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால், பெட்ரோல் கலவை கட்டுமீறி வெடித்து என்ஜினைத் தட்டும் நாக்கிங் வராமல் தடுக்க ஈசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்தும். செக்காலை ரோட்டில் நான் உணர்ந்த சோம்பலுக்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

எங்கள் பக்கத்து வீடுகளைக் கட்டியவர்கள் முகப்பு வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை எல்லா வாசல்களையும் ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள். அடுப்பங்கரையைக் கடைசிக் கட்டில் ஒதுக்கினார்கள். வளவின் திறந்த வானத்தின் வழியே சூடான காற்று மேலேறிப் போக, முன்வாசலிலிருந்து புதுக்காற்று வரும். தொழிற்சாலை செய்த ஃபில்டர் பெட்டியும் இதையேதான் செய்கிறது: அதன் மூக்கு ரேடியேட்டருக்கு முன்புறம் நீண்டு, காரின் முகப்பிலிருந்து காற்றை எடுக்கிறது. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் திறந்த கோன் ஃபில்டரைப் பானெட்டுக்கு அடியில் வைப்பது, முகப்பை மூடிவிட்டு அடுப்பங்கரையில் நின்று மூச்சு வாங்குவதாகும். கார் நிற்கும்போது ரேடியேட்டரின் விசிறி தள்ளும் வெக்கை முழுவதும் அந்த ஃபில்டரின் மேல்தான் வந்து விழுகிறது.

இனி தூசி. மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சிறிதாக எண்ணலாம். நாம் அப்படி எண்ண முடியாது. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்துக் கிளைச் சாலைகளில் கோடைக்காலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் போனால், முன்கண்ணாடியே சிவந்துவிடும். செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்ஸைடால் வருவது. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல்தான் என்ஜினுக்கு எமன். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலத்தின் கனத்துக்கு நிகரான, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே அதிகமாக அரிக்கின்றன.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற தரமுறை இருக்கிறது. குறிப்பிட்ட தூசியை எடை போட்டு ஊதி, எவ்வளவு நின்றது, எவ்வளவு கடந்தது என்று அதில் அளப்பார்கள். 99 விழுக்காடு, 98 விழுக்காடு என்ற இரண்டு எண்களைப் பார்க்கும்போது ஒரு பங்குதானே வேறுபாடு என்று தோன்றும். கடந்து போன தூசியைப் பாருங்கள்: நூறு கிராமில் ஒன்றில் ஒரு கிராம், மற்றொன்றில் இரண்டு கிராம். என்ஜினுக்குள் போகும் மணல் இரண்டு மடங்காகிறது. பொதுவாக, நல்ல காகித ஃபில்டர், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைவிட நுண்தூசியை அதிகமாகத் தடுக்கும். காற்று எளிதாகப் போவதற்குக் கொடுக்கும் விலை அதுதான்.

இதை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்சுவரில், சென்சாருக்கு அப்பால், விரலால் மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவிவிட்டு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு பழைய வேட்டியில் கிழித்த ஒரு வெள்ளைத் துண்டால் துடைத்தேன். கோன் ஃபில்டர் இருந்த பக்கத்தில், துண்டில் குங்குமம் தொட்ட விரலைத் துடைத்தது போல ஒரு சிவப்புத் தீற்று விழுந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தபோது நறநறவென்றது. பெட்டி இருந்த பக்கத்தில் கிரீஸின் நிறமே மாறவில்லை. அந்தத் துண்டைப் பார்த்த மாலையே கோன் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இங்கே நம் பட்டறைகளின் ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் காகித ஃபில்டரை எடுத்துக் கம்ப்ரஸர் காற்றை அடித்து, “சுத்தமாயிருச்சுண்ணே, இன்னும் ஓடும்” என்று திரும்பப் போடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த அழுத்தத்தில் காகிதத்தின் இழைகள் பிய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். சற்றே தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகத் தூசியைத் தடுக்கும் என்பதால், அதைத் தொடாமல் விடுவதும், காலம் வந்ததும் புதியது போடுவதுமே சரி. நான் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரைப் பம்பருக்குள் கீழே இறக்கும் நீண்ட குழாய் வகையும் கிடைக்கிறது. சூட்டுக்கு அது நல்ல தீர்வுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்து சாலையில் வழியும் ஊர்களில், முழங்காலுக்குக் கீழே மூக்கை வைத்துக்கொண்டு இந்தக் காரை ஓட்ட நான் துணிய மாட்டேன். 11:1 என்ற அமுக்க விகிதம் உள்ள சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

இப்போது காரில் இருப்பது இதுதான். தொழிற்சாலைப் பெட்டிகள் இரண்டு. புதிய காகித ஃபில்டர்கள். பெட்டியின் மூக்கு முகப்பைச் சந்திக்கும் இடத்தில், பானெட்டுக்கு அடியில் உள்ள வெக்கை நுழையாதபடி சுற்றிலும் வெட்டி ஒட்டிய நெருக்கமான ஸ்பாஞ்சு. குழாய்களின் மேல் வெப்பம் தடுக்கும் வெள்ளிநிற உறை. அதே செக்காலை ரோட்டில், அதே போன்ற ஒரு பிற்பகலில், 49 என்று இருந்தது 44 ஆயிற்று. செலவு கோன் ஃபில்டர் விலையில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. மீதிப் பணத்தை என்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போட்டேன். இந்த என்ஜினின் ஆயில் சூடு பந்தயத் தடத்தில் எளிதாக ஏறிவிடும் என்பது உலகெங்கும் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அறிந்ததே. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டியபோது அந்தச் செலவின் பலனை ஆயில் மீட்டரிலேயே பார்த்தேன்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எந்த மாற்றத்தைச் செய்யும் முன்பும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த ஒலியை இழந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம்தான். மார்கழி விடியலில் திருமயம் கோட்டை கண்ணில் படும் அந்தத் திருப்பத்தில், மூன்றாம் கியருக்கு மாற்றும்போது அது ஒலித்த விதம் வேறு எதிலும் வராது. கோன் ஃபில்டர்கள் இரண்டையும் கழுவிக் காயவைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன். போன வாரம் கிரீஸ் தடவி மறுபடி சோதித்தேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது. ஆனால் இடப்பக்கத்து ஸ்பாஞ்சு வெக்கையில் சுருங்கி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. சித்திரை பிறப்பதற்குள் அதை ரப்பரில் செய்து போட வேண்டும்.